புதிரில் புலி, பலகையில் எலி

புதிர் ரேட்டிங் 2100, டோர்னமென்ட் ரேட்டிங் 1450. தமிழ்நாட்டில் எந்த ஓபன் டோர்னமென்ட் மண்டபத்துக்கு வெளியே நின்றாலும் இப்படியொரு கணக்கை யாராவது ஒரு அப்பாவோ அம்மாவோ சொல்லக் கேட்கலாம். "சார், வீட்ல மூணு மூவ் மேட்டெல்லாம் பத்து செகண்ட்ல போட்டுடுறான். இங்க வந்தா யானையைச் சும்மா தூக்கிக் கொடுத்துட்டு வர்றான். பயமா சார்?" கொஞ்சம் பயமும் இருக்கலாம். ஆனால் முக்கியக் காரணம் அதுவல்ல. வீட்டில் அவன் பழகும் வேலை வேறு, மண்டபத்தில் அவனுக்குக் காத்திருக்கும் வேலை வேறு.

முதலில் அந்த இரண்டு எண்களைப் பற்றி. அவற்றை ஒப்பிடுவதே தப்பு. லிசெஸ், செஸ்.காம் போன்ற தளங்களில் புதிர் ரேட்டிங் என்பது நீங்கள் புதிர்களோடு மோதிச் சம்பாதித்தது. டோர்னமென்ட் ரேட்டிங் ஆட்களோடு மோதிச் சம்பாதித்தது. புதிர் எண் பல நூறு புள்ளி மேலே நிற்பது சகஜம். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அகாடமியின் வாட்ஸ்ஆப் குழுவில் போடுவதற்குத் தடையில்லை, ஆனால் அதை வைத்து டோர்னமென்ட் முடிவை எதிர்பார்க்கக் கூடாது.

உண்மையிலேயே கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேறு வழி உண்டு. கடைசியாக ஆடிய பத்துப் பதினைந்து ஆட்டங்களை எடுத்து, கம்ப்யூட்டர் "இங்கே காய் ஜெயித்திருக்கலாம்" என்று காட்டும் இடங்களையும், "இங்கே காயை விட்டாய்" என்று காட்டும் இடங்களையும் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து, ஆட்டத்தின் பெயரெல்லாம் இல்லாமல், வெறும் நிலைகளாக அவனிடமே கொடுங்கள். வீட்டில் உட்கார்ந்தும் விடை வரவில்லை என்றால் பிரச்சினை எளிது: இன்னும் புதிர் போட வேண்டும், அவ்வளவுதான். டப்பென்று விடை வந்துவிட்டால், அதாவது பலகையில் கோட்டைவிட்டதை வீட்டில் பத்து வினாடியில் கண்டுபிடித்தால், இன்னும் ஆயிரம் புதிர் போட்டாலும் அவனுக்குப் பெரிதாகப் பயன் இருக்காது. இந்த அத்தியாயம் அவனுக்குத்தான்.

சொல்லாமல் சொல்லப்படும் துப்புகள்

ஒரு புதிரைத் திறந்ததும் உங்களுக்கு இலவசமாக என்னென்ன தெரிந்துவிடுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? இந்த நிலையில் ஏதோ ஒன்று இருக்கிறது. அது உங்களுக்குச் சாதகமானது. அடுத்த நகர்வில் அல்ல, இப்போதே இருக்கிறது. சரியான விடை ஒன்றே ஒன்றுதான். அது பெரும்பாலும் சாதாரண நகர்வாக இருக்காது. செக், வெட்டு, தியாகம் என்று ஏதாவது தடாலடியாகத்தான் இருக்கும். போதாக்குறைக்கு, இரண்டு பெரிய தளங்களிலும் எதிராளியின் கடைசி நகர்வைக் கண்முன்னே ஆடிக் காட்டிவிட்டுத்தான் உங்களிடம் கேட்கிறார்கள். "அவன் தப்புச் செய்தது இங்கேதான்" என்று விரலால் சுட்டிக் காட்டுவதற்குச் சமம் அது.

அச்சுப் புத்தகங்களும் இதில் சளைத்தவை அல்ல. லாஸ்லோ போல்காரின் தலையணைப் புத்தகத்தில் 5,334 நிலைகள் இருக்கின்றன. அவற்றில் 3,412 "இரண்டு நகர்வில் மேட்". தலைப்பிலேயே மேட் என்று போட்டபிறகு நீங்கள் தேட வேண்டியது எப்படி என்பதை மட்டும்தான். இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியை அச்சடித்தவர்கள் உங்களுக்காகத் தீர்த்து வைத்துவிட்டார்கள்.

பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் இந்தத் துப்பு ஒன்றும் கிடையாது. நாற்பது நகர்வு போகும் ஆட்டத்தில் நாற்பது தடவை "இங்கே ஏதாவது இருக்கிறதா?" என்று நீங்களாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். முப்பத்தைந்து தடவையாவது விடை "ஒன்றுமில்லை" என்றுதான் வரும். அந்த முப்பத்தைந்து ஏமாற்றத்துக்குப் பிறகும் முப்பத்தாறாவது முறை சலிக்காமல் கேட்பதுதான் ஆட்டத்துக்கு வேண்டிய திறமை. புதிர் அதைக் கற்றுத்தருவதே இல்லை. புதிரில் கேள்வி கேட்பது தளம். பதில் சொல்வது மட்டும்தான் உங்கள் வேலை.

சோச்சி, ஆறாவது ஆட்டம்

இது சிறு பிள்ளைகளின் நோய் என்று நினைத்தால், 2014 நவம்பரில் ரஷ்யாவின் சோச்சியில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பைப் பாருங்கள். ஐந்து ஆட்டம் முடிந்து ஆளுக்கு இரண்டரைப் புள்ளி. ஆறாவதில் சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனுக்கு வெள்ளை, அவரை எதிர்த்து ஆடிய சென்னைக்காரர் விஸ்வநாதன் ஆனந்துக்குக் கறுப்பு. ராணிகள் சீக்கிரமே போய்விட்டன. கார்ல்சன் கை ஓங்கியிருந்தது. ஆனந்த் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார். 26ஆவது நகர்வில் கார்ல்சன் தன் ராஜாவை சி1லிருந்து டி2க்கு வைத்தார்.

பலகை இருந்தால் எடுத்து இந்தக் காய்களை வையுங்கள். வெள்ளை: ஜி4லும் ஹெச்5லும் யானைகள், டி2ல் ராஜா, சி4லும் ஈ5லும் சிப்பாய்கள், ஈ3லும் சி2லும் பிஷப்புகள். கறுப்பு: ஜி8லும் ஹெச்8லும் யானைகள், ஜி6ல் குதிரை. ஜி வரிசையில் இரண்டு யானைகளும் எதிரெதிரே. நடுவில் மறைப்பாக நிற்பது அந்தக் குதிரை.

குதிரை ஈ5 சிப்பாயை வெட்டட்டும். மறைப்பு விலகியது, ஜி4 யானைக்கு ஆபத்து. வெள்ளை ஜி8 யானையை வெட்டினால், கறுப்பு அவசரப்பட்டுத் திருப்பி வெட்டாமல் குதிரையால் சி4 சிப்பாயையும் வெட்டும், செக்கோடு. ராஜா டி3க்கு வந்து குதிரையைத் துரத்தினால், குதிரை பி2க்குத் தாவி மறுபடி செக். ராஜா விலகியாக வேண்டும். அதற்குப் பிறகு சாவகாசமாக ஹெச்8 யானை ஜி8ஐ வெட்டும். மொத்தத்தில் கறுப்புக்கு இரண்டு சிப்பாய் லாபம். இதையே லிசெஸ்ஸில் புதிராகப் போட்டால் கிளப் அளவில் ஆடுகிற பலரும் கண்டுபிடிப்பார்கள்.

கார்ல்சனுக்கு ராஜாவை வைத்தவுடனேயே தப்பு தெரிந்துவிட்டது. ஆனந்த் அதிகம் யோசிக்காமல் ஏ5 சிப்பாயை ஏ4க்குத் தள்ளினார். வாய்ப்பு போயிற்று, 38 நகர்வில் ஆட்டமும் போயிற்று. பரிசு வரும் என்று எதிர்பார்க்காதபோது அது வந்தாலும் கை நீளாது என்ற பொருளில் ஆனந்த் பிறகு சொன்னார்.

இதே ஆனந்த் சிறுவனாக மணிலாவில் இருந்தபோது அங்கே டிவியில் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும். தினம் ஒரு புதிர் போடுவார்கள். பையன் பள்ளிக்கூடம் போயிருப்பான் என்பதால் அம்மா குறித்து வைப்பார். சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து போட்டு, விடையை அனுப்புவார்கள். பரிசுப் புத்தகங்களைத் தொடர்ந்து அவனே வாங்கிக்கொண்டிருந்ததால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம். ஆனந்தே சொன்ன கதை. புதிரில் அவரைவிடக் கூர்மையான கண் உலகத்திலேயே சிலருக்குத்தான் இருந்திருக்கும். சோச்சியில் அந்தக் கண்ணுக்குக் குறையில்லை. இங்கே பார் என்று சொல்லத்தான் ஆளில்லை.

கடைசி நகர்வு எதை மாற்றியது?

அந்த ஆளாக நீங்களே இருக்க வேண்டும் என்றால் உங்களுக்கு ஒரு வழக்கம் வேண்டும். எதிராளி காயை வைத்துக் கடிகாரத்தை அழுத்தியதும் உங்கள் திட்டத்துக்குள் போகாதீர்கள். முதலில் ஒரே கேள்வி: அந்த நகர்வு எதை மாற்றியது? அவர் எந்தக் கட்டத்தை விட்டார், எதை மறைத்தார், எதைத் திறந்தார், எந்தக் காய் இப்போது ஆதரவில்லாமல் நிற்கிறது? சோச்சி நிலையில் ராஜா சி1லேயே இருந்திருந்தால் குதிரை சி4ஐ வெட்டும்போது செக் இல்லை, வித்தையும் இல்லை. ராஜா டி2க்கு வந்த அந்த ஒரு கட்டம்தான் எல்லாம். "ராஜா இப்போது டி2ல்; அங்கே செக் கொடுக்க என்னிடம் எந்தக் காய் இருக்கிறது?" என்ற கேள்வி மனதில் எழுந்திருந்தால் குதிரை தானாகவே கண்ணில் பட்டிருக்கும்.

இரண்டாவது, நிலையில் தெரியும் அறிகுறிகள். டேக்டிக்ஸ், அதாவது இந்த மாதிரி வித்தைகள், வானத்திலிருந்து குதிப்பதில்லை. ஆதரவில்லாத காய், ஓட இடமில்லாத ராஜா, ஒரே கோட்டில் நிற்கும் இரண்டு பெரிய காய்கள், இரண்டு வேலையை ஒண்டியாகச் சுமக்கும் காவல் காய்: இவற்றில் ஒன்றாவது இல்லாத இடத்தில் தேடுவது வீண். இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் ஜான் நன் ஆதரவில்லாத காய்கள் விழுந்துவிடும் என்பதை ஒரு விதியாகவே எழுதி வைத்தார். எனக்குத் தெரிந்து செஸ்ஸில் இதைவிடச் சிக்கனமான அறிவுரை இல்லை.

இதைப் பழக ஒரு பயிற்சி. வழக்கமான புதிர்களையே எடுங்கள். ஆனால் விடையைத் தேடாதீர்கள். முதல் அரை நிமிடம், "இந்த நிலையில் ஏன் ஒரு வித்தை இருக்க முடியும்?" என்பதற்கு மட்டும் வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். "கறுப்பு குதிரைக்கு ஆதரவு இல்ல. கறுப்பு ராஜாவும் ராணியும் ஒரே டயகனல்ல இருக்கு." அதற்குப் பிறகு விடை. பிள்ளைகளுக்கு இது மகா எரிச்சல். விடை நாக்கு நுனியில் இருக்கும்போது காரணம் கேட்கிறோமே. ஆனாலும் செய்ய வையுங்கள். விடை அந்த ஒரு நிலைக்கு மட்டும் சொந்தம். காரணம் அடுத்த ஆட்டத்துக்கும் கூட வரும்.

சோச்சிக்குப் பத்து வருடம் கழித்து, 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். மறுபடி உலக சாம்பியன்ஷிப், மறுபடி சென்னைக்காரர். கடைசி ஆட்டமான 14ஆவதில் டிங் லிரனும் குகேஷும் ஆளுக்கு ஆறரைப் புள்ளியோடு உட்கார்ந்திருந்தார்கள். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனால் எல்லோரும் டிரா என்றே எண்ணியிருந்த முடிவாட்டம். 55ஆவது நகர்வில் டிங் தன் யானையை எஃப்2க்கு இழுத்து, யானைக்கு யானை மாற்றிக்கொள்ளலாம் என்றார். பார்த்தால் சாதாரண நகர்வு. குகேஷும் முதலில் தன் யானையை வேறு கட்டத்துக்கு நகர்த்தத்தான் இருந்ததாகப் பிறகு சொன்னார். கையை நீட்டுவதற்கு முன்னால் இன்னொரு முறை பார்த்தார். வெள்ளை பிஷப் ஏ8 மூலையில் இருக்கிறது. அதற்கு ஒரே ஒரு மூலைவிட்டம்தான். யானைகள் போய்விட்டால் கறுப்பு பிஷப் டி5ல் வந்து நின்று அந்த வழியை அடைத்துவிடும், பிஷப்பும் மாற்றிக்கொள்ளப்படும், பாக்கி இருப்பது ஒரு சிப்பாய் அதிகமுள்ள, ஜெயிக்கும் சிப்பாய் முடிவாட்டம். 58ஆவது நகர்வோடு டிங் ஒப்புக்கொண்டார். பதினெட்டு வயதில் உலகப் பட்டம்.

இதுவும் புதிராக வந்தால் பெரிய கஷ்டமில்லை. ஆனால் நெடுநேரமாக டிரா, டிரா என்றே போய்க்கொண்டிருந்த நிலையில், எதிராளியின் சாதுவான ஒரு நகர்வுக்குப் பிறகு மறுபடியும் பார்க்கத் தோன்றுவது புதிர்ப் பயிற்சியில் வருவதல்ல.

எதிராளிக்கும் புதிர் உண்டு

தளங்களில் வரும் புதிர்களில் ஜெயிப்பது பெரும்பாலும் நீங்கள்தான். ஆட்டத்தில் பாதிக்குப் பாதி வித்தைகள் எதிராளிக்குச் சொந்தம். அதனால் புதிரிலேயே வளர்ந்தவர்களிடம் ஒரு குணம் ஒட்டிக்கொள்கிறது: தன் தாக்குதல் கண்ணுக்குத் தெரியும், எதிரே இருப்பவருடையது தெரியாது. அமெரிக்கக் கோச் டான் ஹைஸ்மன் இதற்கு 'ஹோப் செஸ்' என்று பெயர் வைத்தார். ஒரு நகர்வைச் செய்துவிட்டு, எதிராளி மோசமாக எதுவும் செய்யமாட்டார் என்று நம்பிக்கொண்டிருப்பது. அவர் ஏதாவது செய்தபிறகு, அதற்கு வழி இருக்கிறதா என்று அப்புறம் தேடுவது.

இது வயதோ பட்டமோ பார்த்து வருவதல்ல. 2006 நவம்பரில் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் என்ற கம்ப்யூட்டரோடு ஆடிய உலக சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக், 34ஆவது நகர்வில் ராணியை ஈ3ல் வைத்தார். அடுத்த நகர்வு: வெள்ளை ராணி ஹெச்7ல், மேட். ஒரே நகர்வு மேட்! நேரத் தட்டுப்பாடும் இல்லை. எஃப்8ல் நிற்கும் குதிரையின் ஆதரவோடு ஹெச்7ல் ராணி மேட் வைப்பது அபூர்வமான அமைப்பு. பழகிய வடிவங்களில் அது இல்லாததால் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை என்பது ஒரு விளக்கம். ஆனாலும் "இதை வைத்தால் அவர் எனக்கு என்னென்ன செக் கொடுக்கலாம்?" என்று எண்ணியிருந்தால் அகப்பட்டிருக்கும்.

சோவியத் மாஸ்டர் புளூமென்ஃபெல்ட் சொன்ன பழைய வழி ஒன்று உண்டு. நகர்வை முடிவு செய்ததும் ஸ்கோர்ஷீட்டில் எழுது, எழுதியபிறகு தலையைத் தூக்கி, இப்போதுதான் ஆடக் கற்றவனின் கண்ணோடு பலகையைப் பார், அப்புறம் வை. இன்றைய ஃபிடே விதிப்படி ஆடுவதற்கு முன்னால் நகர்வை எழுதக்கூடாது, நடுவர் எச்சரிப்பார். எனவே எழுதும் பகுதியை விட்டுவிட்டு, பார்க்கும் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். முடிவு செய்த பிறகு, கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, எதிராளியின் செக்குகள், வெட்டுகள், ஒரு நகர்வு மிரட்டல்கள் மூன்றையும் எண்ணுங்கள். பத்து வினாடி வேலை. தொட்ட காயை ஆட வேண்டும் என்ற விதி இருக்கும் விளையாட்டில் அந்தப் பத்து வினாடியைக் காய்க்கு மேலே கையை வைத்துக்கொண்டு செலவழிக்க முடியாது.

புதிரிலேயே இந்தப் பக்கத்தைப் பழகவும் வழி இருக்கிறது. லிசெஸ் புதிர்கள் நிஜ ஆட்டங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. போட்டு முடித்ததும் மூல ஆட்டத்துக்கு லிங்க் கிடைக்கும். அதைத் திறந்து இரண்டு நகர்வு பின்னால் போங்கள். பலகையைத் திருப்பி, தோற்கப்போகிறவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் என்ன ஆடியிருக்க வேண்டும்? எந்த நகர்வு எல்லாவற்றையும் காப்பாற்றியிருக்கும்? இதற்குப் பல சமயம் ஒரே விடை இருக்காது. மூன்று நான்கு நல்ல நகர்வு இருக்கும். பரவாயில்லை, ஆட்டமும் அப்படித்தான். ஒரு நாளைக்கு மூன்று புதிர் இப்படிப் போட்டால் போதும். வேகமாகப் போடும் முப்பதைவிட உருப்படி.

தியாக வெறி

புதிர் அதிகம் போட்டவர்களிடம் எதிர்ப்பக்கத்து நோய் ஒன்றும் இருக்கிறது: இல்லாத இடத்தில் வித்தையைப் பார்ப்பது. ஹெச்7ல் பிஷப்பைத் தியாகம் செய்யும் 'கிரீக் கிஃப்ட்' தெரியாத பிள்ளை கிடையாது. பிஷப் ஹெச்7 சிப்பாயை வெட்டி செக், ராஜா வெட்டும், குதிரை ஜி5க்கு, செக், ராஜா ஜி8க்குத் திரும்பினால் ராணி ஹெச்5க்கு. புதிரில் இது எப்போதும் வேலை செய்யும், ஏனென்றால் வேலை செய்யாத நிலையைப் புதிராகப் போடுவதில்லை. ஆயிரம் தடவை பலித்ததையே பார்த்த மனது, ஆட்டத்தில் அந்த வடிவத்தைக் கண்டதும் கணக்குப் போடாமலே பிஷப்பைத் தூக்கிவிடும்.

மெரிம் பிலாலிச், பீட்டர் மெக்லியட், ஃபெர்னாண்ட் கோபே மூவரும் 2008ல் வெளியிட்ட ஆய்வு இதைக் கச்சிதமாகக் காட்டியது. நல்ல ஆட்டக்காரர்களிடம் ஒரு நிலையைக் கொடுத்தார்கள். அதில் எல்லோருக்கும் பழக்கமான ஒரு மேட் இருந்தது. அதைவிடச் சுருக்கமான இன்னொரு மேட்டும் இருந்தது. பழகியது முதலில் கண்ணில் பட்டதும் பலருக்கு மற்றது தெரியவில்லை. வேறு வழி தேடுகிறோம் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். ஆனால் அவர்கள் கண் போகும் இடத்தைப் பதிவு செய்த கருவியோ, பழைய விடைக்கு வேண்டிய கட்டங்களையே அவர்கள் சுற்றிச்சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் காட்டியது. தெரிந்த பதிலே புதுப் பதிலை மறைத்துவிட்டது.

இதற்கு நான் பயன்படுத்தும் மருந்து இரட்டை நிலைகள். ஒரே அமைப்பு, ஒரே ஒரு காய் வித்தியாசம்; ஒன்றில் பலிக்கும், இன்னொன்றில் பலிக்காது. கிரீக் கிஃப்ட்டையே எடுப்போம். முதல் நிலையில் கறுப்புக்கு ஈ6ல் சிப்பாய் இருக்கிறது. சி8 பிஷப் அதற்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கிறது. ராணி ஹெச்5க்கு வந்தபின் ஹெச்7ஐக் காக்க அதனால் வர முடியாது. இரண்டாவது நிலையில் அந்த ஈ6 சிப்பாயை மட்டும் எடுத்துவிடுங்கள்; டி7 இரண்டு நிலையிலும் காலியாக இருக்கட்டும். இப்போது ராணி ஹெச்5க்கு வந்ததும் கறுப்பு பிஷப் சி8லிருந்து எஃப்5க்குப் பாயும். அங்கிருந்து ஹெச்7 காவலில் வந்துவிடும். போட்ட பிஷப் போனது போனதுதான். இரண்டையும் கலந்து வைத்து "வெட்டலாமா, கூடாதா?" என்று மட்டும் கேளுங்கள். ராஜா ஜி8க்குப் போகாமல் ஜி6க்கு ஏறினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் இதைக் கொடுத்தால் முதல் நாள் எல்லாவற்றுக்கும் "வெட்டலாம்" என்றுதான் வரும்.

ஒன்றும் இல்லாத நிலைகள்

ஆட்டத்தின் பெரும்பகுதியில் வித்தை எதுவும் இருக்காது. எந்தக் காய் சும்மா கிடக்கிறது, எந்தச் சிப்பாயைத் தள்ளலாம், எந்தக் காயை மாற்றிக்கொண்டால் நமக்கு நல்லது என்பதுதான் வேலை. இதைப் பற்றி இந்தப் புத்தகத்தில் தனி அத்தியாயங்களே உண்டு. இங்கே ஒன்று மட்டும். டேக்டிக்ஸ் பலமாக இருப்பவர் பக்கத்தில் வாய்ப்புகள் குவிவது அவர் காய்கள் நல்ல இடத்தில் நிற்பதால்தான். யானையும் பிஷப்பும் பிறந்த கட்டத்திலேயே தூங்கும்போது எவ்வளவு புதிர் போட்டிருந்தாலும் ஆட்டத்தில் ஒரு புதிர்கூட உருவாகாது.

கடிகாரம்

மூன்று நிமிடத்தில் எத்தனை புதிர் என்று ஓடும் பசில் ரஷ், பசில் ஸ்டார்ம் வகைகள் வடிவங்களைக் கண்ணில் பதிய வைக்க நல்லவை. சாப்பாட்டுக்குப் பின் ஒரு சுற்று ஓட்டலாம், தடையில்லை. ஆனால் அவற்றில் சந்தேகம் வந்தால் முதல் நகர்வை ஆடிப்பார்ப்பதுதான் லாபம். தளம் எதிராளியின் பதிலைத் தானே ஆடிக் காட்டும். அதைப் பார்த்து இரண்டாவது நகர்வை யோசிக்கலாம். இப்படி ஆயிரம் தடவை செய்தவர், 90 நிமிடமும் ஒவ்வொரு நகர்வுக்கும் 30 வினாடியும் கொடுக்கும் ஆட்டத்தில் வந்து உட்கார்ந்து, இரண்டு நிமிடத்தில் ஐந்து நகர்வு ஆடிவிட்டு ஜன்னலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். முடிந்த ஆட்டத்தின் ஸ்கோர்ஷீட்டில் ஒவ்வொரு நகர்வுக்கும் பிறகு மிச்சமிருந்த நேரத்தை எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் இது உடனே தெரியும். தோற்ற ஆட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்திருந்தால், வேகப் புதிரைக் கொஞ்ச காலம் நிறுத்தி வையுங்கள்.

அதற்குப் பதிலாக ஒரே விதி: காயைத் தொடாதே. புதிரை நிஜப் பலகையில் வைத்து, விடையை முழுக்க ஒரு நோட்டில் எழுத வேண்டும். எதிராளியின் மிகச் சிறந்த பதிலும், அதற்கு உங்கள் பதிலும், கடைசியில் யாருக்கு எத்தனை காய் என்ற கணக்கும் எழுதியபிறகுதான் விடையைப் பார்க்கலாம். முதல் நகர்வு சரி, இரண்டாவதில் எதிராளியின் பதில் தப்பு என்றால் அந்தப் புதிர் தப்பு. பாதி மார்க் கிடையாது. ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு புதிர்தான் வரும்; புதிர் ரேட்டிங் ஏறாது, சில வாரம் இறங்கக்கூடச் செய்யும். பெற்றோர்கள்தான் இதில் பதறுவார்கள். இறங்கட்டும்.

கலப்படத் தாள்

இதுவரை சொன்னவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் உங்களால் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். அப்பா, அண்ணன், கோச், யாராவது ஒருவர் வாரம் ஒரு தாள் தயாரிக்க வேண்டும். பத்து நிலைகள். நாலைந்து நிஜப் புதிர்கள். இரண்டு, எதிராளி அடுத்த நகர்வில் ஏதோ செய்யப்போகிற நிலைகள், தடுக்க வேண்டும். மிச்சம், பெரியவர்கள் ஆடிய ஆட்டங்களின் இருபதாவது நகர்வையொட்டி எடுத்த, வித்தை எதுவும் இல்லாத சாதாரண நிலைகள். எது எது என்று தாளில் எழுதக்கூடாது. வரிசையையும் எண்ணிக்கையையும் வாராவாரம் மாற்ற வேண்டும். கேள்வி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: "என்ன ஆடுவாய், ஏன்?" ஒன்றுமில்லாத இடத்தில் யானையைத் தியாகம் செய்கிறவரும், தடுக்க வேண்டிய இடத்தில் தாக்குகிறவரும் இதில் உடனே அகப்பட்டுவிடுவார்கள். தாள் தயாரிக்க ஆள் இல்லையென்றால், ஒரு நல்ல ஆட்டத்தை எடுத்து ஜெயித்தவர் பக்கத்தின் ஒவ்வொரு நகர்வையும் மூடிவைத்து, ஊகித்து, திறந்து பாருங்கள். அதிலும் எப்போது வித்தை வரும் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்றால், வாரத்தில் இரண்டு நாள் எழுதிப் போடும் புதிர், ஒரு நாள் கலப்படத் தாள், ஒரு நாள் பின்னோக்கிப் போகும் புதிர், ஒரு நாள் சொந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் இல்லாமல் அலசுவது. சனி, ஞாயிறில் குறைந்தது ஒரு நீண்ட ஆட்டம், ஸ்கோர்ஷீட் எழுதி. வேக ஆட்டமும் வேகப் புதிரும் இந்தக் கணக்கில் சேராது.

சொந்த ஆட்டங்களிலிருந்து எடுத்த நிலைகளுக்குத் தனி நோட்டு போடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு நிலை. படத்துக்குக் கீழே விடையை மட்டும் எழுதாதீர்கள். அந்த நேரத்தில் கடிகாரத்தில் எத்தனை நிமிடம் இருந்தது, அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள், எந்த அறிகுறி கண்முன்னே இருந்தும் தெரியாமல் போயிற்று: இந்த மூன்றும் எழுத வேண்டும். ஆட்டம் முடிந்த அன்றே எழுதுங்கள். இரண்டு நாள் போனால் "கவனிக்கல சார்" என்பதற்கு மேல் ஒன்றும் நினைவுக்கு வராது. இருபது பக்கம் சேர்ந்ததும் மூன்றாவது வரியை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். "பின்னால் நகர்ந்த குதிரை", "பின்னால் நகர்ந்த குதிரை", "பக்கவாட்டில் வந்த யானை" என்று ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த மாதம் எந்த வகைப் புதிர் போட வேண்டும் என்று எந்தத் தளத்திடமும் கேட்க வேண்டியதில்லை.